இடப்பக்கம் திருகினால் கூடும்

இன்று காலை பத்து மணிக்கு, கரகரக்கும் ரேடியோவின் வால்யூம் திருகைச் சரிசெய்வதில்லை என்று முடிவெடுத்தேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். ஆனால் சால்டரிங் கம்பியை அதற்குள் சூடேற்றிவிட்டிருந்தேன். ஈயமும் பேஸ்ட்டும் உருகும் வாசனை வந்தது. நீ இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

உன் கிட்டாரைப் பெங்களூரில் ஒருவர் தன் வீட்டு மாடியில் வைத்துச் செய்தார். மொத்தமே ஏழெட்டுதான் செய்தார் என்பாய். மற்ற கிட்டார்களின் கழுத்தில் ஒன்பதாம் கட்டத்தில் இருக்கும் வெள்ளைப் புள்ளி, அவர் செய்தவற்றில் பத்தாவதில் இருக்கும். உன்னுடையதில் மட்டும் இன்னொரு கோளாறு உண்டு: வால்யூமை இடப்பக்கம் திருகினால்தான் கூடும். "பொறவிக் குணம்டா. அதுல கை வெக்காத" என்பாய்.

பெரம்பலூரில் எனக்கு ரேடியோ ரிப்பேர் கடை. நம் இன்னிசைக் குழுவில் தபேலாவும் நான்தான். வயர் செருகும் குழி ஆடுகிறது என்று நீ கிட்டாரைக் கடையில் விட்டுப் போனாய். குழிக்குப் புதிதாக ஒரு பித்தளை நட்டு போட்டேன். பிறகு, யாரும் கேட்காமலேயே, இரண்டு வயர்களை இடம் மாற்றி வால்யூமையும் உலக வழக்கத்துக்குக் கொண்டுவந்தேன். எறையூர் கச்சேரியில் திருகிப் பார்த்து நீ அசந்துபோக வேண்டும் என்று ஆசை. போகும் வழியில் டீ குடிக்க வேனை நிறுத்தினோம். திரும்பி வந்தபோது, நீ இன்னும் பிரித்தே பார்க்காத உறையோடு கிட்டாரைக் காணவில்லை.

மூன்று மாதம் நீ மேடைக்குக் கீழே உட்கார்ந்து எங்களுக்குக் கை தட்டினாய். "ரஞ்சன்குடி புரோகிராமுக்குள்ள கிட்டார் வந்துட்டா நீ வாசி. இல்லன்னா கீபோர்டுலயே ஒப்பேத்திக்கிறோம்" என்று சொல்லிவிட்டார் குழுத் தலைவர்.

ரஞ்சன்குடிக்கு முந்தைய வாரம் கீழப்பழுவூர் திருவிழாவில், அரியலூர்க் குழுக்காரர் ஒருவர் கையில் அதைப் பார்த்தாய். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது. புள்ளி பத்தாம் கட்டத்தில். குழுக்களுக்குள் தகராறு வந்தால் மைக்செட்காரர் சொல்வதுதான் தீர்ப்பு. கரண்ட் அவர் கையில் இருந்தது.

"திருச்சியில வாங்குனதுங்க" என்றார் அரியலூர்க்காரர். "அந்த பெங்களூர் ஆளு செஞ்சது எல்லாத்துலயும் புள்ளி அங்கதான் இருக்கும். இது உங்களுதுன்னு எப்புடி சொல்றீங்க?"

"வால்யூமத் திருகிப் பாருங்க. என்னுது இடப்பக்கந்தான் ஏறும்."

மைக்செட்காரர் வயரைச் செருகினார். குழியைச் சுற்றி என் பித்தளை நட்டு பளபளத்தது. திருகினார். வலப்பக்கம் ஏறியது.

"அண்ணே, எங்க வூட்டு ரேடியோவும் அப்புடித்தாண்ணே" என்றான் கூட்டத்தில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

நீ என் பக்கம் திரும்பினாய். "கடைசியா பிரிச்சவன் நீதான? சொல்லுடா, இடப்பக்கந்தான?"

"நான் பிரிச்சப்ப இடப்பக்கந்தான் இருந்துச்சு" என்றேன். அது உண்மை. மூடியபோது எப்படி இருந்தது என்று நீ கேட்கவில்லை. கை வைக்காதே என்று சொன்னவன் முன்னால், அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவில், எனக்கு வாய் வரவில்லை. இந்த மடலில்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

"அப்ப இது என்னுது இல்லீங்க. மன்னிச்சுக்குங்க" என்று அரியலூர்க்காரரைக் கும்பிட்டாய்.

ரஞ்சன்குடியில் கிட்டார் வரவேண்டிய இடங்களைக் கீபோர்டில் வாசித்தார்கள்.