ஆறு நாற்பது

மார்ச் 3, 2025

இந்த மெக்சிகோ அரசு காணாமல்போனவர்களின் ஃபோன்களைத்தான் கண்டுபிடிக்கிறது. ஆட்களைத் தேடுவதே இல்லை. தடயவியல் ஆய்வகத்தில் மூன்று வருடம் வேலைபார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஆலை வாசலில் தமாலெ என்னும் சோளமாவுக் கொழுக்கட்டை விற்கும் தோன்யா எவாரிஸ்டா இன்று மறுபடி வந்தார். அவர் மகன் நசாரியோ போன ஜூன் 14 அன்று ஆலைச் சாலையில் பைக்கோடு காணாமல்போனான். கால்வாயோரம் கிடைத்த அவன் ஃபோனை ஆய்வு செய்தவள் நான். கடைசியாக அம்மாவுக்கு அனுப்பிய செய்தி: "போலீஸ் செக்போஸ்ட்ல நிறுத்திட்டாங்கம்மா." மாலை 7:40 என்கிறது என் அறிக்கை. செக்போஸ்ட்டை ஏழுக்கே எடுத்துவிட்டோம் என்கிறது போலீஸ். ஆகவே நிறுத்தியவர்கள் போலீஸ் இல்லையாம். கேஸ் அதோடு நின்றது.

"ஆறு நாப்பது மகளே," என்றார் தோன்யா. "ஆலை ஷிப்ட் விட்டு ஆளுங்க எங்கிட்ட தமாலெ வாங்கிட்டிருந்தாங்க. எனக்கு நேரம் தெரியாதா?"

கோப்பில் யாரோ எழுதியிருக்கிறார்கள்: 'தாய்க்கு நேரக் குழப்பம்.'

மார்ச் 4

தோன்யா தன் ஃபோனைக் கொண்டுவந்தார், தமாலெ மூடும் துணியில் சுற்றி. ஒன்பது மாதமாக எதையும் அழிக்கவில்லை. இதுவரை யாரும் அதைக் கேட்கவும் இல்லை. நானும்தான்.

6:40.

அதே செய்தி. ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது?

மார்ச் 6

தெரிந்துவிட்டது.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் வழக்கத்தை மெக்சிகோ 2022-லேயே கைவிட்டது. எங்கள் மென்பொருள் கைவிடவில்லை. அதை நான்கு வருடமாக யாரும் புதுப்பிக்கவில்லை. என் ஃபோனையே அதில் போட்டுப் பார்த்தேன். ஜனவரியில் அனுப்பியது சரியாக வருகிறது. ஜூலையில் அனுப்பியது ஒரு மணி தள்ளி வருகிறது. மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் அப்படியே.

அறிக்கையில் கையெழுத்து யாருடையது? என்னுடையது.

மார்ச் 7

தலைமை அதிகாரி ரெம்பெர்த்தோவிடம் காட்டினேன். எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஏம்மா யூரிதியா, இதை எழுத்துல கொடுத்தா ரெண்டு கோடைக்காலத்துக் கேஸ் பூரா திரும்பத் திறக்கணும். எத்தனைன்னு தெரியுமா?"

"இருநூத்திப் பதினொண்ணு சார். எண்ணிட்டேன்."

"வேலை போயிடும்."

"போலீஸுக்கா சார்?"

"வாயக் கொறை. ஒரு மணி நேரந்தானே!"

ஒரு மணி நேரந்தானாம். அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளதான்யா போலீஸ் அவனைக் கொண்டுபோச்சு!

மார்ச் 10

திருத்த அறிக்கை கொடுத்தேன். முதல் வரி: 'தவறு என்னுடையது.' நகலில் முத்திரை குத்தும்வரை மனு வாங்கும் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

மார்ச் 11

நகலைத் தோன்யாவிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

"உம்மேல கோவம் இருக்கு மகளே. நெறைய இருக்கு," என்றார். பிறகு, "உக்காரு. சாப்பிடு."

மார்ச் 19

பழைய பொருள் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். ராஜினாமா செய்வேன் என்று காத்திருக்கிறார்கள். மாட்டேன்.

ஏப்ரல் 2

திருத்தத்துக்கு இன்னும் பதில் இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு தோன்யாவோடு போலீஸ் தலைமையக வாசலில் நின்றேன். பக்கத்தில் அந்த இரண்டு கோடைகளில் பிள்ளைகளைத் தொலைத்த நான்கு தாய்மார், அவரவர் ஃபோனோடு. காவலுக்கு நின்றவன் எங்களைப் பார்க்காமல் தெருவையே பார்த்தான். தோன்யா முத்திரை குத்திய நகலை அவன் முகத்துக்கு நேரே பிடித்து, மூன்றாம் முறையாகக் கேட்டார்:

"ஆறு நாப்பதுக்கு அங்க நின்னவன் பேரைச் சொல்லுங்க."