பல்லில் கவ்விய மஞ்சள் கயிறு

அக்கா,

மன்னித்துக்கொள்ளுங்கள். எந்தத் தாளைக் கொடுத்தாலும் "யாராச்சும் படிச்சுச் சொல்லுங்கப்பா" என்று நகர்த்திவிடும் உங்களுக்குப் போய் எழுதுகிறேன், அதுவும் நீங்கள் இல்லாதபோது. நேரில் இருந்தபோதே எனக்குப் பேச வராது.

இன்று காசநோய்ப் பரிசோதனைக்காக எங்கள் எக்ஸ்ரே வண்டி மறுபடி பட்டினப்பாக்கம் வந்தது. புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் ஏறினாள். நான் எதுவும் சொல்வதற்குள் தாலிக்கயிற்றை மேலே தூக்கிப் பல்லில் கவ்விக்கொண்டு நின்றாள். இறங்கும்போது உதட்டில் மஞ்சள் ஒட்டியிருந்தது. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன்.

"இங்க எல்லாரும் இப்டித்தான்க்கா எடுப்பாங்க."

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். இந்த வண்டி வேலைக்கு வந்த புதிதில், "நகையெல்லாம் கழற்றிடுங்க" என்று பயிற்சியில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். பெண்கள் வரிசை கலைந்துபோனது. மீன்கூடையோடு வேடிக்கை பார்த்த நீங்கள் கிட்டே வந்தீர்கள்.

"இன்னா பாப்பா, தாலியக் கழட்டுன்னா எவ வருவா?" அவர்கள் பக்கம் திரும்பி, "கழட்ட வேணாம்டி, தூக்கி வாயில கவ்விக்கோ. அந்த நேரமாச்சும் உன் புருசன் காது நிம்மதியா இருக்கும்!"

சிரித்துக்கொண்டே எல்லாரும் திரும்பி வந்தார்கள். நீங்கள் மட்டும் ஏறவில்லை.

"எனக்கு இன்னா கீது? சும்மா இருமல்."

உங்கள் கூடைப் பக்கத்திலேயே நின்றேன். "போவ மாட்டியா நீ?" என்று அலுத்துக்கொண்டு ஏறினீர்கள்.

காசநோய் இருந்தது. அது வந்தவர்களுக்கெல்லாம் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் தெரிந்தது. "பொண்ணுக்கு நானே சொல்லிக்கிறேன் பாப்பா. நீ சொல்லாத" என்றீர்கள். மாத்திரை ஆரம்பித்ததும் உடம்பு தேறும் முன்பே குரல் தேறிவிட்டது. நீங்கள் "வஞ்சிரம்!" என்று கூவினால் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். காசநோய் குணமானது. இன்னொன்றை மாத்திரையால் அடக்கிவைத்துக்கொண்டு மீன் விற்றீர்கள், சண்டை போட்டீர்கள், மகளைக் கல்லூரியில் சேர்த்தீர்கள். போன ஆடியில் மாரடைப்பில் போய்விட்டீர்கள், மகளிடம் சொல்வதற்குள்.

அவளும் இன்று வந்தாள். நெஞ்சுப் படத்தில் ஒன்றுமில்லை. பக்கத்துப் பந்தலில் பரிசோதனைக்கு ரத்தமும் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். "எனக்கு இன்னா கீதுக்கா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். உங்கள் சிரிப்புதான்.

எச்.ஐ.வி. தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். இருந்தாலும் பயமில்லை, உங்களைப் பார்த்தவள் நான். உங்கள் ரகசியம் என்னுடையதல்ல, அதைச் சொல்ல மாட்டேன். அதைச் சொல்லாமலே அவளைப் பந்தலுக்குள் அழைத்துப்போக வேண்டும்.

நாளையும் வண்டி அங்கேதான் நிற்கும். அவள் பக்கத்தில் போய் நிற்பேன். நிற்க எனக்குத் தெரியும். பேசத்தான் வராது. கேட்கக் கூச்சப்பட்டு இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துவிட்டேன். வஞ்சிரம் விற்ற அந்தக் குரலை, நாளைக் காலை ஒரே ஒரு தடவை எனக்குக் கொடுங்கள் அக்கா.