நனைந்த வைக்கோல்

எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா தெரியவில்லை, நேற்று முழுதும் நீங்கள் என்னிடம் பேசியது, “வைக்கோல் ஏத்த உங்கண்ணன்தான் எனக்குச் சொல்லிக் கொடுக்கணுமா?” என்ற ஒன்றுதான். கட்டுகளை முதலில் வரப்போரம் சேர்த்துவிட்டு, பிறகு டிராக்டரைக் கொண்டுவரலாம் என்று அண்ணன் சொன்னதில் என்ன குற்றம்? வீம்புக்கு ஒவ்வொரு கட்டாகத் தேடி டிராக்டரோடு வயல் முழுக்கச் சுற்றினீர்கள். பாதி ஏற்றுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

சோறு மூடி வைத்திருக்கிறேன். நனைந்த கட்டுகளைக் கொட்டகையில் அடுக்க வேண்டாம். உள்ளே சூடேறித் தீப்பிடித்துவிடும்.

தீனி போதாது என்பதால் மாடுகளை அண்ணன் வீட்டுக்கு ஓட்டிப் போகிறேன். நானும் அங்கேயே இருந்துவிடுகிறேன்.

மறந்துவிட்டேன்: கிழட்டுப் பசுவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அதை உங்களோடு விட்டுப்போகிறேன். காய்ந்த கட்டுகள் அதற்குப் போதும். அதனிடமாவது பேசுங்கள்.