கழுத்துவரை மோர்

பாவா,

இன்று காலை நம் மகள் பரணில் கிடந்த உங்கள் பித்தளைச் சொம்பை எடுத்துப் புளி போட்டுத் துலக்கினாள். கூடமெல்லாம் புளி வாசனை. "இன்னாம்மா, இதுக்கு வயித்துல இவ்ளோ பெரிய ஒடுக்கு?" என்று கேட்டாள். "உங்க நைனா ஓடின ஓட்டம்" என்றேன். நம்பாமல் சிரித்தாள். அவள் உங்களைத் தொப்பையும் பெல்ட்டுமாகத்தானே பார்த்திருக்கிறாள், பாவம்.

நமக்குக் கல்யாணமான புதிதில் ஊரே உங்களைப் பார்த்துச் சிரித்தது. உலகச் சண்டைக் காலம். அரிசிக்கே ஆலாய்ப் பறந்த சமயத்தில் ஒருவன் விடியுமுன் எழுந்து சும்மா ஓடினால் சிரிக்கமாட்டார்களா? "யாரு தொரத்துறாங்கன்னு இந்த ஓட்டம் ஓடுறான்?" என்று களத்து மேட்டில் என் காதுபடவே கேட்பார்கள். உங்களைத் துரத்தியது எது என்று எனக்குத் தெரியும். இருந்த நிலம் அண்ணன் தம்பி மூன்று பேருக்குக் காணாது. அப்போது நம் ஊர் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. சித்தூரில் போலீசுக்கு ஆள் எடுத்தார்கள். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி முன்னால் வருகிறவனுக்கு வேலை. ஒருமுறை போய்த் தோற்றுவிட்டு வந்திருந்தீர்கள். வயசு வரம்புக்குள் மிச்சம் இருந்தது இன்னும் ஒரே வாய்ப்பு.

அந்தத் தோல்வியைச் சொல்லும்போதெல்லாம் உங்கள் குரல் இறங்கிவிடும். "மொதல்ல நான்தான் முன்னாடி போனேன். பாதியிலேயே காலு ரெண்டும் கட்டையாயிட்ச்சு." முந்தின நாள் வரைக்கும் ஒரு நாள் விடாமல் மூச்சு முட்ட ஓடியிருந்தீர்கள். அங்கிருந்த ஹெட் கான்ஸ்டபிள் ஒருவர், "ஒரு நாளு உசிரக் குடுத்து ஓடினா, அடுத்த ரெண்டு நாளு கதை பேசிகினே ஓடுற மாதிரி ஓடணும்பா. அப்பத்தான் ஓடினது ஒடம்புல ஒட்டும்" என்று சொல்லி அனுப்பினாராம்.

சொன்னது உங்களுக்குப் புரியாமல் இல்லை. கால்தான் கேட்கவில்லை. இன்று மெதுவாகத்தான் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுக் கிளம்புவீர்கள். புளியமரம் தாண்டுவதற்குள் முன்னால் எவனாவது சைக்கிளில் போவான். அவனை முந்தாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காது. திரும்பி வரும்போது பனியனைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும். "மெதுவாத்தான் ஓடினேன்" என்று கூசாமல் புளுகுவீர்கள். வீங்கின கெண்டைக்காலுக்கு நல்லெண்ணெய் தேய்க்கிறவள் நான். என்னிடமா?

"மெதுவா ஓடினா வேகம் எங்கேர்ந்துடி வரும்?" என்று ஒரு நாள் கத்தினீர்கள். நானும் விடவில்லை. "நம்ம மலைக்கோயில் படித்திருவிழாவுல படிக்கு ஒரு பாட்டு பாடிகினு ஏறுறாங்களே, அவங்க மலைமேல போய்ச் சேரலையா?" என்றேன். கோபித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டீர்கள்.

மறுநாள்தான் இந்தச் சொம்பு வந்தது. அம்மா வீட்டு எருமை செத்துப்போயிருந்த சமயம். பொதட்டூர்பேட்டை சாலையில் இருந்த அம்மா ஊருக்கு நம் வீட்டிலிருந்துதான் மோர் போகவேண்டும். உள்ளே ஈயம் பூசின இந்தச் சொம்பில் கழுத்துவரை மோரை ஊற்றி, மூடி போடாமல் உங்கள் கையில் கொடுத்தேன். "ஓடிப்போய் உங்க அத்தைகிட்ட குடுத்துட்டு வாங்க. கொட்டக்கூடாது."

முதல் நாள் பாதி மோர் உங்கள் வேட்டியில். ஒரு நாய் காலை நக்கிக்கொண்டே பின்னால் வந்ததாம். அம்மா சொம்பை எட்டிப் பார்த்து, "இன்னா மாப்ள, மீதிய ரோடு குடிச்சிட்ச்சா?" என்றாளாம். அண்ணன் பிள்ளை, மருமகன் என்றெல்லாம் அவள் வாய்க்குத் தாட்சண்யம் கிடையாது. என்னைத்தான் வந்து திட்டினீர்கள். ஆனால் அத்தையிடம் தோற்க உங்களுக்கு மனசில்லை.

அம்மாவும் நானும் ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். மோர் தளும்பாமல் வந்தால் காலிச் சொம்பில் வறுத்த வேர்க்கடலை போட்டு அனுப்புவாள். சிந்தி வந்தால் வெறும் சொம்புதான் திரும்பும். அதனால் உங்கள் புளுகு என்னிடம் செல்லுபடியாகாமல் போயிற்று. முதலில் அடிக்கடி வெறும் சொம்பு. பிறகு ஒரு பிடி கடலை. தை பிறப்பதற்குள் விளிம்புவரை கடலை வர ஆரம்பித்தது. வேர்வையில்லாத முகத்தோடு வாசலில் நின்று, "இன்னிக்கு மூணு சைக்கிளுக்கு வழி வுட்டேன்டி" என்றீர்களே, அந்த முகத்தை இப்போதும் கிள்ளவேண்டும் போலிருக்கிறது.

மோர் இல்லாத நாட்கள் மலைப்படி நாட்கள். வாரத்தில் இரண்டு நாள் கோயில் படிகளில் உயிரைக் கொடுத்து ஏறுவீர்கள். அந்த ஓட்டத்தை வீட்டுப் பெண்கள் பார்ப்பதாவது! ஒரு செவ்வாய்க்கிழமை பூக்கூடையோடு நான் கோயிலுக்குக் கிளம்பியது தற்செயல் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தீர்கள். படிக்கட்டு மண்டபத்துத் தூண் மறைவில் உட்கார்ந்திருந்தேன். கீழேயிருந்து நீங்கள் வந்தீர்கள். எனக்குத் தெரிந்த மோர்க்காரர் இல்லை அது. பல்லைக் கடித்துக்கொண்டு, படிகளை விழுங்கிக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனது கூடத் தெரியாமல் போனீர்கள். மேலே போய்க் குனிந்து நின்று இரைத்துவிட்டு, இறங்கி, மறுபடியும் ஏறினீர்கள். அன்றைக்குத்தான் பாவா, உங்கள்மேல் எனக்கு நிஜமான ஆசை வந்தது. அதுவரைக்கும் மாமன் மகன் என்பதால் கட்டிக்கொண்டவள்.

இரண்டாம் முறை சித்தூருக்குப் போகும்போது தண்ணீருக்கென்று இந்தச் சொம்பையும் எடுத்துப் போனீர்கள். அன்று நான் அடுப்பு மூட்டவில்லை. என்ன ஆகியிருக்குமோ என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். இந்த முறையும் விட்டுப்போனால் உங்களை எப்படித் தேற்றுவது என்றுதான் கவலை, வேலை அப்புறம். சாயங்காலம் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடின பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனையிலிருந்தே தலைதெறிக்க ஓடி வந்தீர்கள். வாசலில் கல் தடுக்கி, சொம்பு உருண்டு திண்ணையில் மோதி ஒடுங்கியது. எழுந்திருக்கக்கூட இல்லை. மண்ணில் உட்கார்ந்தபடியே சிரித்தீர்கள். "காலி சொம்புதான்டி, இன்னா வேகத்துல வந்தா இன்னா!" என்றீர்கள். பிறகுதான் வேலை கிடைத்த விஷயம் வந்தது. எல்லாரும் எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தார்களாம். "நான் மோரு எடுத்துகினு போற மாதிரியே போனேன். கடைசி ரெண்டு சுத்துலதான் மலைப்படியை எடுத்து வுட்டேன்." அந்த ஒடுக்கைத் தட்டி எடுக்க நான் யாரையும் விட்டதில்லை.

போன ஐப்பசியிலும் அப்படித்தான் செய்தீர்கள். காலையில் என்னோடு காபி குடித்தீர்கள். மத்தியானம் நீங்கள் இல்லை. படுக்கை இல்லை, மருந்து இல்லை, ஒரு வார்த்தை இல்லை. மலைப்படி ஓட்டமாக ஓடிவிட்டீர்கள். இத்தனை வருஷம் என்னோடு இருந்தும் கடைசி நாளன்று மெதுவாகப் போகத் தெரியவில்லையே என்று உங்கள்மேல் எனக்குக் கோபம். இன்னும் ஆறவில்லை. சீக்கிரம் மனசைத் தேற்றிக்கொள், சென்னைக்கு வந்துவிடு என்று பிள்ளைகள் அவசரப்படுத்துகிறார்கள். எனக்கு அவசரம் பழக்கமில்லை.

சொம்பில் தண்ணீர் நிரப்பி, கூடத்திலிருந்து கொல்லைவரைக்கும் நடந்து பார்த்தேன். கீழே ஒரு சொட்டு விழவில்லை.

நீங்கள் முன்னாலேயே போய்விட்டீர்கள். நான் நிறைசொம்போடு வந்துகொண்டிருக்கிறேன், அதனால் நேரமாகும். அங்கே அம்மாவைப் பார்த்தால் கடலை வறுத்து வைக்கச் சொல்லுங்கள்.