கீழக்கரைக் கொல்லையில் ஓர் ஆர்ட்டிசோக்

மச்சான்,

இன்று காலை கொல்லையில் ஆர்ட்டிசோக் மொட்டு ஒன்றை அறுத்தேன். நீங்கள் போன பிறகு வந்த முதல் மொட்டு. கையைக் கழுவாமல் இட்லியைப் பிட்டு வாயில் வைத்துவிட்டேன். ஒரே கசப்பு. அந்தக் காம்பைத் தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளுமே, அதே கசப்பு. சிரித்துக்கொண்டே இதை எழுத உட்கார்ந்தேன்.

சவூதியில் ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்தை இருபத்திரண்டு வருடம் பார்த்தீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு மாதம் இருப்பீர்கள். ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது பெட்டியில் எனக்கு சென்ட் பாட்டிலும் உங்களுக்கு ஒரு பொட்டலம் விதையும் இருந்தன.

"இது ஆர்ட்டிசோக். அங்க அரபியில கர்ஷூஃபும்பாக. தாமரை மொட்டு மாதிரி வரும், அவிச்சுத் திங்கலாம்" என்றீர்கள்.

முதல் வருடம் சாம்பல் நிற இலைகள் இடுப்பளவு வளர்ந்து கிணற்றடி வழியை அடைத்தன. மொட்டு வரவில்லை. கோடையில் எல்லாம் கருகிப்போயின.

"இதுக்குக் கொஞ்ச நாள் குளிர் வேணும் புள்ள. நம்மூர்ல அது எங்கன கெடைக்கும்?"

அடுத்த வருடம் அந்தக் குளிரைப் பிரிட்ஜில் கண்டுபிடித்தீர்கள். ஈரத்துணியில் முளைவிட்ட விதைகள் இரண்டு டப்பாவில், ஒரு மாதம்.

"சீலா மீனை நான் எங்கன வைக்க? ஒங்க செடிக்கு ஊட்டி, எனக்கு அடுப்படியா?" என்று கத்தி, ஒரு டப்பாவை வெயிலில் எடுத்து வைத்தேன். அத்தனையும் காய்ந்துபோயின. இரண்டு நாள் நீங்கள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், "சாயா இருக்கா?" என்றீர்கள். அதுதான் நம் முதல் சண்டை. லீவில் வந்த புருஷனிடம் யார் சண்டை போடுவார்கள்?

மிஞ்சிய டப்பாவிலிருந்து ஒரு செடி மூன்று மொட்டு விட்டது. அவித்து, இதழ் இதழாகப் பிய்த்து, அடியிலிருக்கும் சதையைப் பல்லால் சுரண்டக் காட்டிக்கொடுத்தீர்கள்.

"இம்புட்டுப் பாடுபட்டு இம்புட்டுதானா?" என்றேன். நடுவிலிருந்த மெத்தென்ற துண்டுகள் மூன்றையும் என் தட்டில் வைத்தீர்கள்.

கோடை வந்ததும் தண்டைத் தரையோடு வெட்டினீர்கள். "குளிர் நாட்டுல இதைப் பனிக்கு மூடுவாக. நாம வெயிலுக்கு மூடுவோம்" என்று வைக்கோல் பரப்பி, தென்னங்கீற்றுப் போட்டீர்கள். அடுத்த மாதம் நெஞ்சுவலி. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் போய்விட்டீர்கள்.

உங்களுக்காக வாசல் தாண்டாமல் இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாளும் அந்தக் கீற்றின் மேல் தண்ணீர் ஊற்றினேன். "செத்த செடிக்கு எதுக்கு ராத்தா?" என்றாள் தங்கச்சி. தூக்கிப் பார்க்கப் பயந்தேன். அடியில் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால் காலையில் எதற்கு எழுந்திருப்பது? முதல் மழைக்குப் பிறகுதான் விலக்கினேன். நான்கு குருத்து. உங்களை அடக்கம் செய்த அன்று வராத அழுகை அப்போது வந்தது.

நாம் சேர்ந்து முழுதாய் வாழ்ந்தது இரண்டே வருடம். அது போதாது என்பது மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. மருமகன் துபாயிலிருந்து விசா அனுப்பியும் நம் மகள் தயங்கிக்கொண்டே இருந்தாள். போன மாதம் நானே பெட்டி கட்டி அவளை அனுப்பிவிட்டேன்.

"நீங்க தனியா இருப்பீகளேம்மா" என்று வாசலில் அழுதாள்.

"நான் இருந்து பழகுனவ. நீ பழகாதே" என்றேன்.