சேவல் கூவிய மீட்டிங்

பிப்ரவரி 4

அன்புள்ள மேனேஜர் சாருக்கு,

நலம். உங்கள் நலத்தைக் கேட்க வேண்டியதில்லை, நீங்கள் அனுப்பிய வீட்டுப் படங்களே சொல்லிவிட்டன. ஓர் அறையில் நீங்கள், ஓர் அறையில் உங்கள் சுழல் நாற்காலி, இன்னோர் அறையில் காற்று. அடேங்கப்பா! கட்டிய மனைவிக்கு இங்கே ஹாஸ்டல், அறைக்கு மூன்று பேர். ஒருத்தி தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள், இன்னொருத்தி விழித்திருக்கும்போதே கடிக்கிறாள்.

"போன்ல இதப்பத்தி மூச்சு விடாதே, லேப்டாப்ல ஒரு எழுத்து தட்டாதே" என்று பத்து தடவை சொல்லிவிட்டுப் போனீர்கள். அதனால்தான் காகிதம். எனக்கும் வசதிதான். போனில் நான் திட்ட ஆரம்பித்தால் மியூட் போட்டுவிடுவீர்கள். இங்கே அது நடக்காது.

இந்த வாரமும் உங்கள் வருகை அட்டையை ஆபீஸ் வாசலில் தேய்த்துவிட்டேன். முதலில் உங்களுடையது. கதவு திறந்து மூடும்வரை ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனிந்து நிற்பேன். பிறகு என்னுடையது. என் செருப்பில் லேஸே கிடையாது, அதை இதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை. நல்ல கம்பெனி! மலிவான ஊருக்குக் குடிபோனால் சம்பளத்தையும் அந்த ஊருக்கேற்றபடி வெட்டுவோம் என்கிறார்கள். ஆனால் ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்று பார்க்க எழுந்து வரமாட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் அட்டை உள்ளே வந்தால் போதும், ஆளும் வந்ததாக எழுதிக்கொள்கிறார்கள்.

எனக்கு இது பிடிக்கவில்லை என்று அன்றே சொன்னேன். இன்றும் சொல்லிவைக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
டெஸ்டரம்மா

பிப்ரவரி 15

அன்புள்ள டெஸ்டரம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புலம்பல் பாதி, நக்கல் பாதி. சரி, அட்டை தேய்த்ததற்கு நன்றி.

இந்த ஊரை நீ பார்க்க வேண்டும். வீடுதான் அரண்மனை, மற்றதெல்லாம் கேட்காதே. கடைக்காரர் மத்தியானம் கடையை மூடிவிட்டுத் தூங்குகிறார். பால் இல்லாமல் ஒரு காபி கேட்டால், "ஏங்க, உடம்புக்கு முடியலயா?" என்கிறார்கள். இன்டர்நெட் போட வந்தவன் என் இரண்டு திரைகளைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு ரிப்பேரா சார்?" என்று கேட்டான். இவர்களுக்கெல்லாம் நேரம் என்றால் என்னவென்றே தெரியாது. நம்மைப் போல நாலு பேர் வந்தால்தான் இந்த ஊர் உருப்படும்.

பக்கத்து வீட்டில் ஒரு தையற்காரர் கோழி வளர்க்கிறார். அதில் ஒரு சேவல் இருக்கிறதே, அதற்குக் காலை, மத்தியானம் என்ற பேதமே இல்லை. "மீட்டிங் இருக்கு, அதக் கொஞ்சம் உள்ள போடுங்க" என்றேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதுக்கு மீட்டிங்னா என்னன்னு தெரியாதுங்களே" என்கிறார்! சிரிப்பு வேறு. நான் காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்றை வாங்கிவிட்டேன். இந்த ஊரோடு பேசிப் பயனில்லை.

நீ எப்போது ராஜினாமாக் கடிதம் கொடுக்கப்போகிறாய்? ஏப்ரலில் வந்துவிடுகிறாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். டெஸ்டர் வேலைதானே, அப்புறம் எங்கேயாவது பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்
உன் மேனேஜர்

பிப்ரவரி 24

அன்புள்ள மேனேஜர் சாருக்கு,

"டெஸ்டர் வேலைதானே." ஒரு வரியில் என் பதினோரு வருஷத்தை ஊதித் தள்ளிவிட்டீர்கள். நீங்கள் எழுதிய புரோகிராமில் நான் பிடித்த ஓட்டைகளை அடைத்துத்தான் நீங்கள் மேனேஜர் ஆனீர்கள் என்பது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. என் வேலைக்கு லேபில் இருக்கிற கருவிகள் வேண்டும். அவற்றைத் தூக்கிக்கொண்டு சேவல் பக்கத்தில் வந்து உட்கார முடியாது. வரமாட்டேன் என்று சொல்லவில்லை. என்னிடம் கேட்காமல் அத்தையிடம் ஏன் சொன்னீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒரு விஷயம். புதன்கிழமை மீட்டிங்கில் எல்லோரையும் "மியூட்ல போடுங்க, மியூட்ல போடுங்க" என்று விரட்டுகிறீர்களே, நீங்கள் மட்டும் ஒருநாளும் போடுவதில்லை. போன வாரம் நீங்கள் ரொட்டி மென்றதை நாடே கேட்டது. உங்கள் டீமில் இருக்கிற சின்னப் பெண், அவள்தான் மியூட் அம்மா என்று நாம் பேர் வைத்தவள், என்னிடம் வந்து, "அக்கா, சாரோட ரொட்டி நல்லா முறுமுறுன்னு இருந்துச்சு போல" என்றாள். கைக்குழந்தையை அவள் மடியில் வைத்துக்கொண்டு புரோகிராம் எழுதுகிறாள், பாவம். குழந்தை அழுதால் கேட்கக்கூடாது என்றுதான் அவள் எப்போதும் மியூட்டில் இருப்பது. நீங்கள் அதற்கும் கேலி செய்கிறீர்கள்.

அந்தத் தையற்காரரை எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள்
டெஸ்டரம்மா

மார்ச் 9

அன்புள்ள டெஸ்டரம்மாவுக்கு,

பெரிய செய்தி. பயப்படாதே, நல்ல செய்திதான். சொல்லாமல் கொள்ளாமல் ஊர் மாறிப்போன ஆட்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்படி மேனேஜர்கள் எல்லோருக்கும் மேலிடத்து உத்தரவு. ஒரு பெயராவது கொடுக்காத மேனேஜரைச் சந்தேகப்படுவார்கள் போலிருந்தது.

ஆனால் அதிர்ஷ்டம் பார். போன புதன்கிழமை மீட்டிங்கில் நம் மியூட் அம்மா அபூர்வமாக மியூட்டை எடுத்து, "சார், ஒரு சந்தேகம்" என்றாள். அவ்வளவுதான், கொக்கரக்கோ! எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவளே சிரித்தாள். அந்தப் பெருநகரத்தில் எந்த அடுக்குமாடியில் சேவல் இருக்கிறது? அம்மா ஊருக்குப் போய்க் குழந்தையோடு அங்கே இருந்துகொண்டு, நகரத்துச் சம்பளத்தை வாங்கிக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கே அவள் பெயரைக் கொடுத்துவிட்டேன். என் காதிலா பூ சுற்ற முடியும்?

நம் பக்கத்து வீட்டுச் சேவலைப் போலவே கூவியது என்றால் நம்புவாயா! எல்லாச் சேவலும் ஒரே மாதிரிதான் கூவும் போல.

இனி என்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. நீ நிம்மதியாக ராஜினாமா கொடு. உனக்காகச் சமையலறைக்கு மஞ்சள் வண்ணம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்
உன் மேனேஜர்

மார்ச் 14

மேனேஜர் சாருக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் நின்றபடியே படித்தேன். அப்புறம் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த மீட்டிங்கின் ரெக்கார்டிங் எல்லோருக்கும் பொதுவில்தான் கிடக்கிறது. யாருக்கும் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. நான் பார்த்தேன். யாரிடமிருந்து சத்தம் வருகிறதோ அவர் முகத்தைச் சுற்றி மஞ்சள் கோடு வரும், தெரியுமல்லவா? அவள் "ஒரு சந்தேகம்" என்றபோது அவளைச் சுற்றிக் கோடு. கொக்கரக்கோ என்றபோது கோடு உங்களைச் சுற்றி. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் நீங்கள்தான். ஹெட்போனையும் தாண்டி உங்கள் ஜன்னலில் கேட்டதை அவளிடமிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டீர்கள். நீங்கள்தான் மியூட்டில் போடுகிற வழக்கமே கிடையாதே! ஊரை ஏமாற்றப் போனவர் சொந்த ஜன்னலைச் சாத்தக் கூடாதா?

மியூட் அம்மாவுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. இந்த மாதத்தோடு வேலை இல்லை. ஆபீஸ் கழிப்பறையில் அழுதுகொண்டிருந்தவளை நான்தான் வெளியே கூட்டிவந்தேன். வாடகை ரசீதைக் கொண்டுபோய்க் காட்டினாளாம். "அது யார் வேணா வாங்கலாம்மா, உங்க மேனேஜரே சொல்லிட்டாரே" என்று சொல்லிவிட்டார்கள். அவள் இந்த ஊரைவிட்டு ஒரு நாள்கூடப் போனதில்லை. அவள் கணவருக்கும் வேலை போய்ப் பல மாதம் ஆகிறது. அந்த வீட்டில் மூன்று பேர் சாப்பிடுவது அவள் சம்பளத்தில். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, சார்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சொல்கிறேன், கேளுங்கள். தவறாகச் சொல்லிவிட்டேன் என்று இன்றே எழுதிக்கொடுங்கள். உங்கள் ஊரைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். சேவல் அவளுடையது இல்லை என்று மட்டும் சொன்னால் போதும்.

டெஸ்டரம்மா

மார்ச் 19

அன்புள்ள டெஸ்டரம்மாவுக்கு,

முதலில் உட்கார். தண்ணீர் குடி.

நீ சொல்வது சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன். என்னுடையதுதான். அந்தத் தையற்காரனை என்ன செய்தால் தகும்! ஆனால் இப்போது நான் போய்ச் சேவல் அவளுடையது இல்லை என்றால், அடுத்த கேள்வி, "அப்ப யாருடையது?" என்று வரும். அப்புறம் அட்டை வரும். அட்டை வந்தால் நீ வருவாய். உன்னைக் காப்பாற்றத்தான் நான் வாயைத் திறக்காமல் இருக்கிறேன், புரிகிறதா?

அவளுக்குச் சின்ன வயது. வேறு வேலை கிடைக்கும். இல்லையென்றாலும் இந்த மாதிரி ஒரு ஊருக்கு வந்து சிக்கனமாக இருக்கட்டும், நல்லதுதான். எல்லோருக்கும் நல்லவர்களாக இருக்க நம்மால் முடியாது. ஒரு சேவலுக்காகக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவார்களா?

ஒரு சின்ன உதவி. ரெக்கார்டிங்குகளை அழிக்கிற அனுமதி லேபில் உனக்கு உண்டு. அந்தப் புதன்கிழமையை மட்டும் தூக்கிவிடு. இடம் போதவில்லை என்று காரணம் எழுது, யாரும் கேட்க மாட்டார்கள். அதோடு இந்தக் கதை முடிந்தது. இங்கே ஒருவனுக்கும் புத்தி கிடையாது, உனக்காவது இருக்கும் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

சமையலறை முடிந்துவிட்டது. பார்த்தால் மயங்கிவிடுவாய்.

அன்புடன்
உன் மேனேஜர்

மார்ச் 27

மேனேஜருக்கு,

ரெக்கார்டிங்கை அழிக்கவில்லை. திங்கட்கிழமை காலை எச்.ஆர். அம்மாவின் அறைக்குப் போய் அவர் மேஜையிலேயே ஓட்டிக் காட்டினேன். அவர் இரண்டு தடவை கேட்டார். பிறகு உங்கள் வருகைப் பதிவைத் திறந்தார். அந்தப் புதன்கிழமை நீங்கள் ஆபீஸுக்கு வந்திருக்கிறீர்கள், ஏழாவது மாடி. "ஏழாவது மாடியில சேவல் எப்படிம்மா வந்துச்சு? அதுவும் கார்டு தேய்ச்சிட்டு வந்துச்சா?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சேவல் வரல மேடம், அவரும் வரல. அந்தக் கார்டத் தேய்ச்சது நான்தான்" என்றேன்.

மியூட் அம்மாவின் நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எழுத்தில் வாங்கிக்கொடுத்துவிட்டுத்தான் அந்த அறையைவிட்டு வெளியே வந்தேன். என்னிடம் ராஜினாமா கேட்டார்கள், கொடுத்தேன். நீங்கள் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே ராஜினாமாதான். உங்களுக்கு வரவேண்டியது உங்களுக்கு வந்திருக்கும்.

இனி வேலையும் இல்லை, இங்கே வந்துவிடு என்பீர்கள். வரமாட்டேன். நீங்கள் ஊர் மாறியதற்காக இல்லை. மாறாதவர் யார்? பொய் சொன்னதற்காகவும் இல்லை, அதில் பாதிப் பொய்யைக் கையால் தேய்த்தவள் நான். ஆனால் குழந்தையோடு ஒருத்தி தெருவுக்கு வருகிறாள் என்று தெரிந்த பிறகு சமையலறை வண்ணத்தைப் பற்றி எழுதினீர்களே, அங்கேதான் எனக்கு விட்டுப்போயிற்று. கோபமாக இருந்தால் வந்து நாலு நாள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வேன். கோபம்கூட வரவில்லை. உங்களை நினைத்தால் முகம் சுளிக்கத்தான் வருகிறது. அப்படிப்பட்டவரோடு உட்கார்ந்து எனக்குச் சாப்பாடு இறங்காது. அத்தையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், முன்பு என்னைக் கேட்காமல் சொன்னது போலவே.

வேலை இல்லாதவளுக்கு ஹாஸ்டலில் இடமில்லை. மியூட் அம்மா, "அக்கா, நீங்க எங்க வீட்டுக்குத்தான் வரணும்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சின்ன வீடு, குழந்தை அழுதால் எல்லோருக்கும் தூக்கம் போகும். வேறு வேலை கிடைக்கும்வரை இங்கேதான். முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது.

இந்த வீட்டில் தபாலை வாங்குவது அவள்தான். நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும், நானே சொல்லிவிட்டேன். எழுதுவதென்றால் அவளுக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு
டெஸ்டர்