இலட்சுமி அக்கா சொல்லாதது

மார்ச் 4, 2025

மழை. தோட்டத்துத் துரை காலையிலேயே சூடு. தேயிலைக் கொழுந்து முற்றிப்போய் வருகிறதாம். பெரட்டில், காலையில் வேலை பிரிக்கும் இடத்தில், எல்லாரையும் நிற்கவைத்து, "இந்த மாடுகளுக்குப் புல்லுக்கும் கொழுந்துக்கும் வித்தியாசம் தெரியாதா, கேள்" என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார். நான் தமிழில், "கொஞ்சம் பாத்து இளசா எடுங்கன்னு துரை சொல்றாங்க" என்றேன்.

கிழவி சின்னம்மா ஒருவரைத் தவிர அத்தனை பேருக்கும் சிங்களம் தெரியும். கொடகவெல சந்தையில் இவர்கள் பேரம் பேசுவதைக் கேட்க வேண்டும், முதலாளிமார் ஓடிப்போவார்கள்! துரைக்கும் அது தெரியும். ஆனாலும் ஆபீஸ் பேச்சென்றால் நம் ஆட்கள் தமிழ்தான். துரை சிங்களத்தில் திட்டியது யார் காதிலும் விழாது. நான் தமிழில் சொன்னதுதான் கணக்கு. இரண்டு பக்கத்துக்கும் மானம் மிஞ்சும், எனக்குச் சம்பளம் வரும்.

மலைக்கு ஏறும்போது இலட்சுமி அக்கா என் காதருகே வந்து, "மாட்ட எங்கடி ஒளிச்ச?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நாள் முழுக்கச் சிரிப்பு.

மார்ச் 11

ஐயோ அக்கா. ஏன்க்கா இப்படி?

கண்டக்டர், மலையை மேற்பார்க்கிறவர், அக்காவின் கொழுந்தில் காம்பு கிடக்கிறதென்று சாக்கை ரோட்டில் கொட்டி பூட்ஸ் காலால் உதைத்தாராம். அக்கா மிச்சக் கொழுந்தோடு சாக்கைத் தூக்கி அவர் மூஞ்சியிலேயே எறிந்துவிட்டாள். கண்ணாடி உடைந்துவிட்டது. அவர் நேராக ஆபீஸுக்கு வந்து புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை விசாரணை.

மார்ச் 12

துரை கூப்பிட்டார். "மன்னிப்புக் கேட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம். நீதான் மொழிபெயர்க்கப் போகிறாய். சுமுகமாக முடி" என்றார். பிறகு, கேட்காமலே, என் நிரந்தர நியமனம் இந்த மாதம் மேலிடத்துக்குப் போகிறது என்றும் சொன்னார். அதை ஏன் இதோடு சேர்த்துச் சொன்னார்?

பின்னேரம் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அக்காவின் காம்பராவுக்குப் போனேன். புருஷன் விட்டுப்போன பிறகு அவளுக்கு இருப்பது இந்த வேலையும், வேலையோடு ஒட்டிய இந்த ஒற்றை அறைக் காம்பராவும்தான். அம்மா குவைத்தில் இருந்த வருஷங்களில் எனக்குத் தலைவாரி பள்ளிக்கு அனுப்பியது இந்தக் காம்பராவிலிருந்துதான்.

"ஒரு வார்த்த, தெரியாம நடந்துடுச்சின்னு சொல்லிடுங்கக்கா. முடிஞ்சி போயிரும்."

"ரொட்டி சூடா இருக்கு, சாப்புடு."

"அக்கா!"

"பாப்போம்டி."

அக்கா "பாப்போம்" என்றால் பாதிச் சம்மதம். எனக்குத் தெரியும்.

மார்ச் 14, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

துரை, கண்டக்டர் (புதுக் கண்ணாடி), தலைமைக் கிளார்க், நான். அக்கா நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சாக்கை எறிந்தது உண்மையா என்று துரை கேட்டார். நான் கேட்டேன். அக்கா தமிழில், குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"ஆமா, எறிஞ்சேன். நான் கிள்ளுன கொழுந்த காலால ஒதச்சாரு. அது எங்க சோறு. திரும்ப ஒதச்சா திரும்பவும் எறிவேன்."

எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது.

"கோபத்தில் எறிந்துவிட்டாராம். வருந்துகிறாராம். இனி இப்படி நடக்காதாம்."

சிங்களம் சரளமாக வந்தது. எத்தனை வருஷப் பழக்கம்! துரை தலையை ஆட்டினார், பேனாவை எடுத்தார். அப்பாடா என்று நான் மூச்சுவிட்டேன். அக்கா கேட்டும் கேளாத மாதிரி இருந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். எல்லாரும் எப்போதும் அப்படித்தானே இருக்கிறார்கள்?

அக்கா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு துரையிடம் திரும்பி, நல்ல சிங்களத்தில், "சேர், இந்தப் பிள்ளை சொன்னது என் வார்த்தை இல்லை. என் வார்த்தையை நானே சொல்கிறேன்" என்றாள். சொன்னாள். ஒன்று விடாமல். உதைத்தது, சோறு, திரும்ப எறிவது. பெரட்டில் மாடு என்றதையும் சேர்த்துச் சொன்னாள்.

துரை பேனாவை மூடிவைத்தார்.

மார்ச் 15

சாப்பிடவில்லை. அம்மா, "நீ நல்லதுக்குத்தானே செஞ்ச" என்கிறார். நல்லதுக்குத்தானா?

மார்ச் 18

பீலியடியில், மலைத் தண்ணீர் விழும் இடத்தில், அக்கா குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். நானே போய் நின்றேன்.

"ஒங்கள காப்பாத்தத்தான்க்கா அப்படி சொன்னேன்."

"என் வாயில வராத வார்த்தைய நீ ஏன்டி என் வாயில வச்ச?"

"வேலை போயிரும்னு பயமா இருந்திச்சி."

"பயமா இருந்தா நீ பயந்துக்க சுதா. என் பேருல பயப்படாத."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தண்ணீர் என் காலில் சிந்தியது, அவள் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

யாருக்கு விசுவாசமாக இருந்தேன் நான்? துரைக்கா? துரை கேட்டது மன்னிப்பு, நான் கொடுத்தது பொய். அக்காவுக்கா? அவளை ஒரு வார்த்தை கேட்டேனா? அத்தனை பேர் முன்னால் அவள் தலையைக் குனியவைத்து, அதற்கு அன்பு என்று பேர் வைத்திருக்கிறேன். என் நியமனம் அந்த நேரம் மனதில் ஓடவே இல்லை என்று இங்கே எழுதலாம். யார் பார்க்கப்போகிறார்கள்? ஓடியது.

மார்ச் 27

வேலைநீக்கக் கடிதத்தை நானே டைப் பண்ணினேன். சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. மாத முடிவுக்குள் காம்பராவையும் விட வேண்டும். இதில் ஒரு சொல்லையும் நான் மென்மையாக்கவில்லை. இங்கே மட்டும் எவ்வளவு நேர்மை, த்தூ.

ஏப்ரல் 1

அக்கா நேற்றுப் போய்விட்டாள். கித்துல்கலையில் தங்கச்சி வீட்டுக்கு. அங்கே படகு ஓட்ட வரும் ஆட்கள் தங்குகிற ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலையாம். லயத்தில் உள்ளவர்கள் எல்லாரும் பஸ் நிற்கும் ஹோல்ட் வரைக்கும் போனார்கள். மலையில் எல்லாருக்கும் மூத்த சின்னம்மாகூட அக்காவின் சட்டி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் ஒரு பையைத் தூக்கப் போனேன். "வேணாம், ஆள் இருக்கு" என்று சின்னம்மா வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 10

நிரந்தர நியமனம் வந்துவிட்டது. அம்மா கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போனார். துரை கை கொடுத்து, "இந்தத் தோட்டத்துக்கு விசுவாசமான பிள்ளை" என்றார். மேசைக்கடியில் கையைத் துடைத்துக்கொண்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது, வேலையை வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லையே.

மே 6

அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"சாப்டியா?"

"சாப்டேன்க்கா. நீங்க?"

"வேலை கெடக்கு. வச்சிடுறேன்."

ஒரு மணிநேரம் அழுதேன்.

மே 23

இன்றைக்குத்தான் நன்றாக உறைத்தது. அக்கா போனதிலிருந்து ஆபீஸில் யாரும் காரியத்தைத் தமிழில் பேசுவதில்லை. லீவு கேட்டாலும், கூரைத் தகரம் கேட்டாலும், நேராகத் துரையிடம் சிங்களம். என் மேசையைத் தாண்டிப் போகும்போது "எப்படி புள்ள" என்று கேட்கிறார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. பெரட்டிலும் அப்படித்தான். துரை சொல்லி முடித்ததும், நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே எல்லாரும் "ஹரி சேர்" என்று சிங்களத்திலேயே சரி சொல்லிக் கலைந்துவிடுகிறார்கள். துரையும் இப்போது வார்த்தையைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

ஜூன் 19

சின்னம்மா வந்தார். இந்தத் தோட்டத்தில் சிங்களம் வராத ஒரே ஆள் அவர்தான். சந்தைக்குக்கூட யாரையாவது கூட்டிக்கொண்டுதான் போவார். அவருடைய மகனுக்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் இன்று ஒப்பரேஷன். லீவு கேட்டுக்கொண்டு போய்ப் பார்க்கப்போகிறார் என்று காலையிலேயே லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

துரையின் மேசைக்கு முன்னால் போய் நின்று, "மகே புத்தா" என்றார். என் மகன். அதற்கு மேல் வார்த்தை கிடைக்கவில்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டினார். விரலால் அறுத்துக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே பஸ் ரோட்டைக் காட்டினார். துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிழவியின் கண் நிறைந்துவிட்டது.

எழுந்துவிட்டேன். "தமிழ்ல சொல்லுங்க, நான் அப்படியே—"

"நீ சும்மா இரு புள்ள."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துரை என்னைப் பார்த்து, என்னவாம் என்று கையை அசைத்தார். இரண்டு மொழியிலும் அத்தனை வார்த்தையும் என்னிடம் இருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

சின்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மகே புத்தா" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.